கணினி கேள்வி–பதில்: ஸ்டாக் எங்கே நிரம்புகிறது?

சேலம் மாவட்டத்து வாசகர்களிடமிருந்து ரிகர்ஷனும் (தற்சுழற்சி, ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுவது) ஸ்டாக் மெமரியும் (அடுக்கு நினைவகம், முடியாத அழைப்புகளின் விவரம் ஏறி நிற்கும் இடம்) பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சில கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

1 முதல் கொடுத்த எண் வரை கூட்டிச் சொல்லும் சி ப்ரோகிராமை ரிகர்ஷனில் எழுதினேன். காலேஜ் லேபில் லினக்ஸில் 1,00,000 கொடுத்தால் 5,00,00,50,000 என்று சரியான விடை வருகிறது. வீட்டில் விண்டோஸ் லேப்டாப்பில், கோட்பிளாக்ஸ் என்ற ப்ரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரில், அதே ஃபைல் ஒரு எர்ரர் மெசேஜ்கூட இல்லாமல் நின்றுவிடுகிறது. கடைசியில் -1073741571 என்று மட்டும் காட்டுகிறது. எங்கே தப்பு?
*பொறியியல் மாணவி, அஸ்தம்பட்டி*

அந்த எண்தான் எர்ரர் மெசேஜ். ஸ்டாக் தீர்ந்துபோனால் விண்டோஸ் கொடுக்கும் குறியீடு அது. லினக்ஸாக இருந்தால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று வரும், ஷெல்லில் எக்ஸிட் கோடு 139 என்று பதிவாகும். உங்கள் கணக்கில் தப்பில்லை. லாங் லாங் போட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இன்ட் என்றால் 500 கோடி அதில் அடங்கியிருக்காது.

உங்கள் ஃபங்ஷனைத் தமிழ் நிரல்மொழியான எழில் பாணியில் எழுதினால் இப்படி இருக்கும்:

நிரல்பாகம் கூட்டு(எண்)
  @(எண் == 0) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  பின்கொடு எண் + கூட்டு(எண்-1)
முடி

கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். கூட்டு(எண்-1) விடை கொண்டுவந்த பிறகுதான் கூட்டலே நடக்கும். அதுவரை ‘எண்’ எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். அந்த இடம்தான் ஸ்டாக் ஃப்ரேம். 1,00,000-இல் ஆரம்பித்து 0-ஐத் தொடும் நொடியில் 1,00,001 ஃப்ரேம்கள் ஒரே சமயத்தில் உயிரோடு நிற்கின்றன. அதுவரை ஒரு கூட்டல்கூட நடக்கவில்லை.

ஒரு ஃப்ரேம் எவ்வளவு? 64 பிட் லினக்ஸில், ஜிசிசி கம்பைலரில் ஆப்டிமைசேஷன் (கம்பைலர் தானே செய்யும் வேகப்படுத்தல்) இல்லாமல் கம்பைல் செய்தால்: திரும்பிப் போக வேண்டிய இடத்தின் முகவரி 8 பைட், முந்தைய ஃப்ரேமின் அடி எங்கே என்ற குறிப்பு 8 பைட், உங்கள் ‘எண்’ 8 பைட். ஆக 24. ஆனால் ஸ்டாக் 16-இன் மடங்காக நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் 32. ஒரு லட்சம் ஃப்ரேமுக்கு 32 லட்சம் பைட், அதாவது 3 எம்பி-யை ஒட்டி. லினக்ஸின் வழக்கமான ஸ்டாக் வரம்பு 8 எம்பி. தாராளமாகப் பிழைத்துக்கொள்கிறது.

விண்டோஸில் விதி வேறு. கூப்பிடுகிறவர், கூப்பிடப்படும் ஃபங்ஷனுக்காக 32 பைட் காலியிடம் விட்டே ஆக வேண்டும், தேவைப்பட்டாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ‘எண்’ணும் அந்தக் காலியிடத்திலேயே உட்காரும். அதனால் ஃப்ரேம் 8 + 8 + 32 = 48 பைட். கோட்பிளாக்ஸோடு வரும் மிங்ஜிடபிள்யூ கம்பைலரின் லிங்க்கர், ஸ்டாக்குக்கு ஒதுக்குவது 2 எம்பி, அதாவது 20,97,152 பைட். 48-ஆல் வகுத்தால் 43,690. மெயின் தொடங்குமுன்பே கொஞ்சம் செலவாகியிருக்கும் என்பதால் அதற்குச் சற்று முன்னாலேயே விழும். 40,000 கொடுத்துப் பாருங்கள், ஓடும். 45,000-க்கு ஓடாது.

எங்கள் எண்ணை நம்ப வேண்டாம், நீங்களே அளக்கலாம். ஃபங்ஷனின் முதல் வரியில் ‘எண்’ வேரியபிளின் முகவரியை அச்சிடுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் 8868, 8848, 8828, 8808 என்று இறங்கிக்கொண்டே வரும். ஸ்டாக் மேலிருந்து கீழாக வளர்வதால்தான் இந்த இறக்கம். முகவரி பதினாறடிமானத்தில் இருப்பதால் 20 என்ற வித்தியாசம் நம் கணக்கில் 32. லேப் கணினியில் உபுண்டு இருந்தால் 20-க்குப் பதில் 30 வரலாம். வேரியபிளின் முகவரியை எடுக்கும் ஃபங்ஷன்களில், ஸ்டாக் சேதமானால் கண்டுபிடிக்க அதன் ஜிசிசி ஒரு காவல் மதிப்பைக் கூடவே வைக்கக்கூடும். அளக்கப் போனதே அளவை மாற்றிவிடும் சங்கடம் இது.

லிங்க்கர் செட்டிங்கில் ஸ்டாக் அளவை 16 எம்பி-க்கு, அதாவது 16777216-க்கு, ஏற்றினால் வீட்டிலும் ஓடும். ஜிசிசி-யில் ஆப்டிமைசேஷனை இரண்டாம் நிலைக்கு வைத்தால் கம்பைலரே இதை லூப்பாக மாற்றிவிடும், கிராஷ் காணாமல் போகும். இரண்டையும் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வெறும் கூட்டலுக்கு லூப்தான் சரி. ஒரு ஃப்ரேமில் முடிகிற வேலைக்கு லட்சம் ஃப்ரேம் எதற்கு?

ரிகர்சிவ் ஃபங்ஷனுக்குள் 1,000 இன்ட் கொண்ட ஒரு அரே வைத்திருந்தேன். லினக்ஸில் 2,000 சொச்சம் ஆழத்தில் விழுந்தது. முன்னால் ‘ஸ்டாட்டிக்’ சேர்த்தேன், விழுவது நின்றது. ஆனால் விடை தப்பாக வருகிறது.
*சூரமங்கலம் வாசகர்*

அரே மட்டுமே 4,000 பைட். மற்றவற்றையும் சேர்த்தால் ஃப்ரேம் 4,032 பைட் சுற்றில் வரும். 8 எம்பி-யை வகுத்தால் 2,080. நீங்கள் சொல்லும் ஆழமும் அதுதான். ஸ்டாட்டிக் போட்டதும் அரே ஸ்டாக்கை விட்டு வெளியே போய்விட்டது, ஆனால் எல்லா மட்டத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம். உள்ளே போன அழைப்பு எழுதிய மதிப்பு, வெளியே காத்திருப்பவரின் மதிப்பை அழித்துவிடுகிறது. மேலே ஒரே ஒருமுறை மாலாக்கில் (ஸ்டாக்குக்கு வெளியே மெமரி வாங்கித் தரும் ஃபங்ஷன்) பெரிய அரே எடுத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் அதில் எந்தப் பகுதி என்பதைத் தொடக்கம், முடிவு என்று அனுப்புங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் மாலாக் செய்வதென்றால் ஃப்ரீ செய்யாமல் ரிட்டர்ன் ஆகும் பாதை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும்.

பாடத்தில் ஃபிபனாச்சியைத் தற்சுழற்சி முறையில் போட்டோம். 40-ஆவது எண்ணுக்கு பைத்தானில் ரொம்ப நேரம் ஓடுகிறது. அடுக்கு நினைவகம் நிரம்பிவிடுவதால்தானே, சார்?
*பிளஸ் டூ மாணவர், ஆத்தூர்*

இல்லை தம்பி. அடுக்கில் ஒரே நேரத்தில் நிற்பது அதிகபட்சம் 40 ஃப்ரேம்தான். நேரம் போவது அழைப்புகளின் எண்ணிக்கையால். 0, 1 இரண்டையும் நிறுத்த நிலையாக வைத்தால் ஃபிப்(40)-க்கு மொத்தம் 33,11,60,281 அழைப்புகள். இத்தனை அழைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதில்லை. ஃபிப்(39) முழுதும் முடிந்து, அதன் ஃப்ரேம்கள் எல்லாம் கலைந்த பிறகுதான் ஃபிப்(38) அதே இடத்தில் ஏறுகிறது. ஏற்காடு பஸ் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேல் போவதில்லையே, அப்படித்தான். ஃபிப்(5)-ஐத் தாளில் மரமாக வரைந்து பாருங்கள். 15 அழைப்புகள் வரும், ஆனால் உச்சியிலிருந்து அடி வரை எந்தக் கிளையிலும் 5 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஸ்டாக் கணக்குக்கு அந்த 5 மட்டும் போதும். ஒருமுறை கண்டுபிடித்த விடைகளை டிக்ஷனரியில் சேர்த்து வைத்தால் 40-ஆவது எண் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

சேர்வராயன் மலையில் 1,200 மீட்டருக்கு மேல் தொடர்ச்சியாக இருக்கும் பரப்பைக் கண்டறிய எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரில் அளந்த) உயரத் தரவை எடுத்திருக்கிறேன். ஏற்காட்டைச் சுற்றி 500 × 500 புள்ளிகள் வெட்டி, ஏரியில் தொடங்கி நான்கு திசையும் பரவும் ஃப்ளட் ஃபில்லைப் பைத்தானில் ரிகர்ஷனாக எழுதினேன். முதலில் ரிகர்ஷன் எர்ரர். லிமிட்டை 10 லட்சமாக்கினேன், பைத்தானே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.
*காபித் தோட்டத்தில் பணிபுரியும் வாசகர், ஏற்காடு*

500 × 500 என்றால் 2,50,000 கட்டங்கள். ‘நான்கு பக்கமும் பரவும்’ என்று நினைத்து எழுதினாலும் ரிகர்ஷன் அப்படிப் பரவுவதில்லை. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்ற வரிசையில் கூப்பிட்டால், முதலில் கிழக்கே முட்டும் வரை ஒரே ஓட்டம். பிறகு தெற்கே, பிறகு மேற்கே, அங்கிருந்து ஒரு கட்டம் மேலேறி மறுபடியும் கிழக்கே. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும், நடுவில் ஒருவர்கூடத் திரும்பி வர மாட்டார். மேட்டுநிலம் தடையில்லாமல் விரிந்திருந்தால் ஆழம் கிட்டத்தட்ட கட்டங்களின் எண்ணிக்கையையே தொட்டுவிடும். பைத்தானின் இயல்பான வரம்பு 1,000. கட்டம் ஒன்று 30 மீட்டர் என்றால் 30 கிலோமீட்டர் நடை, அதிலேயே எர்ரர்.

அந்த 1,000 என்பது பைத்தான் தானாக எண்ணிக்கொள்ளும் எண்ணிக்கை. அதை ஏற்றினால் ஸ்டாக் வளராது, காவல்காரர் மட்டும் விலகிக்கொள்வார். 3.10 வரையிலான பைத்தானில் ஒவ்வொரு அழைப்பும் உள்ளே இருக்கும் சி இன்டர்ப்ரெட்டரின் ஸ்டாக்கையும் சேர்த்தே தின்னும். அது தீர்ந்ததும் எர்ரர் சொல்லக்கூட ஆளில்லாமல் மொத்தமும் விழுகிறது. உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். 3.11-இலிருந்து பைத்தான் ஃபங்ஷன் இன்னொரு பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிடுவது சி ஸ்டாக்கைத் தொடுவதில்லை. அதனால் புதிய வெர்ஷனில் இதே ப்ரோகிராம் ஓடிவிடக்கூடும். அதற்காக அதிலேயே இருக்கச் சொல்ல மாட்டோம்.

ஸ்டாக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிஸ்ட், 2,50,000 பைட் கொண்ட ஒரு பைட்அரே, அவ்வளவுதான். ஏரியின் கட்டத்தை பைட்அரேயில் ‘பார்த்தது’ என்று குறித்து லிஸ்ட்டில் போடுங்கள். லிஸ்ட் காலியாகும்வரை கடைசியில் இருப்பதை எடுங்கள். அதன் நான்கு அண்டைக் கட்டங்களில் எல்லைக்குள் இருப்பது, 1,200-க்கு மேல் இருப்பது, இதுவரை குறிக்காதது எது எதுவோ, அதைக் குறித்துவிட்டு லிஸ்ட்டில் சேருங்கள். குறிப்பது சேர்க்கும்போதே நடக்க வேண்டும். எடுக்கும்போது குறித்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரே கட்டம் வேறு வேறு அண்டைகள் வழியாக நான்கு முறைவரை உள்ளே வரும். லிஸ்ட் வீங்கும், பரப்பை எடுக்கும் இடத்தில் எண்ணினால் விடையும் கூடிவிடும். வரிசை, நெடுவரிசை இரண்டையும் ஜோடியாக வைக்காமல் வரிசை × 500 + நெடுவரிசை என்று ஒரே எண்ணாக வைத்தால் மெமரி மிச்சம். கிழக்கு எல்லையில் +1 போட்டால் அடுத்த வரிசையின் தொடக்கத்துக்குத் தாவிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நெடுவரிசை 499-ஆ என்று பார்த்த பிறகே +1.

கடைசியிலிருந்து எடுப்பதற்குப் பதில் டெக் (இரு முனையிலும் எடுக்கக்கூடிய லிஸ்ட்) வைத்து முன்னாலிருந்து எடுத்தால் நீங்கள் மனதில் வைத்திருந்த பரவல் கிடைக்கும். அப்போது காத்திருப்பது பரவும் விளிம்பில் உள்ள கட்டங்கள் மட்டுமே, லட்சக்கணக்கில் ஏறாது. எங்கள் ஓட்டு இதற்குத்தான். சாதாரண லிஸ்ட்டில் முன்னாலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மீதி எல்லாம் ஓரிடம் நகரும்.

தரவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏற்காடு இருப்பது வடக்கு 11, கிழக்கு 78 என்ற ஃபைலில். 3,601 × 3,601 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஃபைல் சரியாக 2,59,34,402 பைட் இருக்க வேண்டும். அந்த 2 பைட்டில் பெரிய பைட் முன்னால் வரும். மாற்றிப் படித்தால் மலை நடுவே கடலாழம் தெரியும். தரவு இல்லாத இடத்தில் -32768 இருக்கும். அதுவும் 1,200-க்குக் கீழ்தான் என்பதால் உங்கள் பரப்பில் பொய்யான ஓட்டை விழும். முதலில் அவற்றை எண்ணிப் பாருங்கள்.

இளம்பிள்ளையில் சேலைக் கடைக்கு ஜாவாவில் பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருக்கிறோம். ஒரு ரகம் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று மேலே மேலே தேடிப்போகும் ஃபங்ஷன் ரிகர்சிவ். ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. இப்போது ஒரு ரகத்தைத் தொட்டால் மட்டும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. த்ரெட் ஸ்டாக்கை 1 எம்பி-யிலிருந்து 64 எம்பி ஆக்கினோம், பயனில்லை.
*இளம்பிள்ளை வாசகர்*

ஒரு வருடம் ஓடியது திடீரென்று விழுந்தால் ப்ரோகிராமை விட்டுவிட்டு டேட்டாவைப் பாருங்கள். சேலைக் கடையில் தலைப்புகள் நான்கைந்து மட்டத்துக்கு மேல் போகாது. 64 எம்பி-யும் பத்தவில்லை என்றால் அது ஆழம் இல்லை, வட்டம். ‘ஆர்ட் சில்க்’ என்பதன் தலைப்பு ‘கல்யாணச் சேலை’ என்றும், ‘கல்யாணச் சேலை’யின் தலைப்பு ‘ஆர்ட் சில்க்’ என்றும் யாரோ திருத்தியிருப்பார்கள். ஃபங்ஷனுக்குள் போனதும் ரகத்தின் ஐடியை லாகில் எழுதவிட்டால் இரண்டோ மூன்றோ எண்கள் மாறி மாறி வருவது தெரியும்.

ஸ்டாக் டிரேஸில் யார் முதலில் கூப்பிட்டது என்று தேடி ஏமாந்திருப்பீர்கள். ஜாவா இயல்பாக 1,024 வரி மட்டுமே வைத்துக்கொள்ளும், அதுவும் உச்சியிலிருந்து. தொடக்கம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். சரிசெய்ய வேண்டிய இடம் இரண்டு. தலைப்பைச் சேமிக்கும் திரையில், புதிய தலைப்பிலிருந்து மேலே ஏறிப் பார்த்து, வழியில் இதே ரகம் எதிர்ப்பட்டால் சேமிக்க மறுக்க வேண்டும். தேடும் ஃபங்ஷனில், பார்த்த ஐடிகளை ஒரு செட்டில் வைத்து, மறுபடி வந்தால் ஐடியோடு எர்ரர் கொடுக்க வேண்டும். ஸ்டாக்கைப் பழையபடி 1 எம்பி-க்கே இறக்கிவிடுங்கள்.

டெயில் ரிகர்ஷனாக எழுதிவிட்டால் ஸ்டாக் கவலையே இல்லை என்கிறார்களே?
*ஓமலூர் வாசகர்*

கம்பைலரைப் பொறுத்தது. அழைப்புதான் கடைசி வேலை, அதற்குப் பின் கூட்டலோ பெருக்கலோ பாக்கி இல்லை என்றால் ஜிசிசி, ஆப்டிமைசேஷன் இரண்டாம் நிலையில், பழைய ஃப்ரேமையே மறுபடி பயன்படுத்தும். டீபக் பில்டில் செய்யாது. அதனால் ரிலீஸில் ஓடுவது டீபக்கில் விழும் வேடிக்கை உண்டு. சி பிளஸ் பிளஸ்ஸில் டிஸ்ட்ரக்டர் உள்ள லோக்கல் ஆப்ஜெக்ட் ஒன்று இருந்தால், அழைப்பு திரும்பிய பின் அதைக் கலைக்கும் வேலை பாக்கி. கண்ணுக்குக் கடைசி வரியாகத் தெரிவது உண்மையில் கடைசி இல்லை. ஜாவா இதைச் செய்வதில்லை. பைத்தானும் செய்வதில்லை. எர்ரர் வரும்போது டிரேஸ்பேக் முழுதாக இருக்க வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2009-இலேயே வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

குவிக் சார்ட் (எண்களை வரிசைப்படுத்தும் முறை) லேபில் ரேண்டம் எண்களுக்கு ஓடுகிறது, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் லட்சம் ரோல் நம்பர்களுக்கு விழுகிறது.
*ஆசிரியர், வாழப்பாடி*

முதல் எண்ணையே பிவட்டாக, அதாவது சிறியது ஒரு பக்கம் பெரியது மறுபக்கம் என்று பிரிக்கும் எண்ணாக, எடுத்திருப்பார்கள். வரிசையான தரவில் ஒரு பக்கம் காலி, மறுபக்கம் ஒன்று மட்டும் குறைந்த மீதி, ஆழம் லட்சம். நடு எண்ணைப் பிவட்டாக்கினால் இந்த உதாரணம் ஓடும், வேறு ஏதாவது வரிசை மாட்டிவிடும். இரண்டு பாதிகளில் சிறியதற்கு மட்டும் ரிகர்ஷன், பெரியதற்கு அதே ஃபங்ஷனுக்குள் லூப் என்று மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் அளவு பாதிக்குக் கீழ் இறங்குவதால் லட்சம் எண்ணுக்கு 17 மட்டம் போதும். வரிசையான தரவுக்கு நேரம் அதிகமாவது அப்படியே இருக்கும், விழுவது நிற்கும்.

கிணற்று மோட்டார் கன்ட்ரோலர் ஒன்று ஆர்டுயினோ ஊனோவில் செய்திருக்கிறேன். 16 × 2 எல்சிடி-யில் மெனு. மெனுவுக்குள் போய்ப் போய் வந்தால் கொஞ்ச நேரத்தில் எழுத்து குழம்புகிறது, டைமர் மதிப்பு தானாக மாறுகிறது, சில சமயம் ரீசெட் ஆகிறது. ப்ரோகிராமில் ரிகர்ஷனே கிடையாது. குளோபல் வேரியபிள்கள் 812 பைட் என்று காட்டுகிறது.
*பாலிடெக்னிக் மாணவர், மேட்டூர்*

இருக்கிறது, நீங்கள் அனுப்பிய ப்ரோகிராமில் ஒளிந்துகொண்டிருக்கிறது. முதன்மை மெனு ஃபங்ஷன் செட்டிங்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. செட்டிங்ஸில் ‘பின்செல்’ அழுத்தினால் ரிட்டர்ன் ஆகாமல் மறுபடியும் முதன்மை மெனுவைக் கூப்பிடுகிறது. திரையில் பின்னால் போகிறது, ஸ்டாக்கில் இன்னும் உள்ளே போகிறது. பட்டனை அழுத்தி முன்னும் பின்னும் போகும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ஃப்ரேம்.

ஊனோவின் மொத்த ரேம் 2,048 பைட். 812 போக 1,236. இரண்டு ஃபங்ஷனிலும் எல்சிடி வரிக்காக 17 பைட் அரே இருக்கிறது. திரும்பும் முகவரி 2 பைட், சேமித்த ரெஜிஸ்டர்கள் எல்லாம் சேர்த்தால் ஃப்ரேம் 30 பைட் சுற்றில் வரும். சுற்றுக்கு 60 என்றால் சுமார் 20 சுற்றில் கதை முடிந்தது. கணினியில் ஸ்டாக்கின் அடியில் தொடக் கூடாத பக்கம் ஒன்று இருக்கும், தொட்டதும் ப்ரோகிராம் நிறுத்தப்படும். இந்தச் சிப்பில் அப்படி எதுவும் இல்லை. ஸ்டாக் மேலிருந்து இறங்கி நேராகக் குளோபல் வேரியபிள்கள் மேல் எழுதத் தொடங்கும். உங்கள் டைமர் மதிப்பு மாறுவது அதனால்தான். மோட்டார் ரிலேயின் நிலையும் அங்கேதான் இருக்கிறது என்பதால், இதைச் சரிசெய்யும்வரை மோட்டாரை இதில் இணைக்க வேண்டாம்.

‘எந்தத் திரை’ என்று ஒரு குளோபல் வேரியபிள் வையுங்கள். பட்டன் அழுத்தினால் அந்த எண் மட்டும் மாறட்டும். லூப் ஃபங்ஷன் அந்த எண்ணைப் பார்த்து உரிய திரை ஃபங்ஷனை ஒருமுறை கூப்பிட்டு, அது ரிட்டர்ன் ஆகட்டும். எந்தத் திரை ஃபங்ஷனும் இன்னொரு திரை ஃபங்ஷனைக் கூப்பிடக் கூடாது. சரியாகிவிட்டதா என்று பார்க்க, தொடக்கத்தில் காலி ரேமில் ஸ்டாக்கின் இப்போதைய முனைக்குச் சில பத்து பைட் கீழே வரை 170 என்ற மதிப்பை நிரப்புங்கள். மெனுவில் ஐம்பது முறை போய் வந்தபின், குளோபல்கள் முடியும் இடத்திலிருந்து மேல்நோக்கி எத்தனை 170 அழியாமல் இருக்கிறது என்று எண்ணி சீரியலில் அச்சிடுங்கள். ஐந்தாவது முறைக்கும் ஐம்பதாவது முறைக்கும் அந்த எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மோட்டாரை இணைக்கலாம்.